சர்வரை மாற்றுமுன் கல்லாவைப் பாருங்கள்

மெர்லிமாவிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: “எங்கள் குடும்பத்துக்கு இங்கே ஒரு ஹார்டுவேர் கடை, ஜாசினில் ஒரு கிளை. 2015இல் ஜிஎஸ்டி வந்தபோது வாங்கிய பில்லிங் புரோகிராம்தான் இன்றும் ஓடுகிறது. சர்வர் கம்ப்யூட்டர் மாதம் ஒருமுறை படுத்துவிடுகிறது. மாற்ற வந்தவர், மைஎஸ்கியூஎல் 5.6ஐ எடுத்துவிட்டு 8.4 போடலாம், கல்லாவில் இருக்கும் நான்கு கம்ப்யூட்டர்களைத் தொடவே வேண்டாம் என்கிறார். அப்பா சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. பயப்படுவது சரியா, சார்?”

சரிதான் அம்மா. சர்வரை மாற்ற வேண்டியதுதான். 5.6 பதிப்புக்கான ஆதரவு 2021 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் கல்லாக் கம்ப்யூட்டர்களைத் தொடவே வேண்டாம் என்றாரே, அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னபடியே செய்தால், மறுநாள் காலை நான்கு கல்லாவிலும் ஒரு பில்கூடப் போட முடியாது. ஏன் என்று விளக்குகிறேன். உங்களைப் போல அலோர் காஜாவிலும் மஸ்ஜித் தானாவிலும் பலர் இதே இடத்தில் நிற்கிறார்கள். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது என்று அவசரமாக ஒரு புரோகிராம் வாங்கினார்கள். 2018 ஜூனில் அந்த வரி பூச்சியமாகி, செப்டம்பரில் எஸ்எஸ்டி வந்தது. வரி போனது, புரோகிராம் தங்கிவிட்டது. இப்போது இ-இன்வாய்ஸ் கதவைத் தட்டுகிறது. 2024 ஆகஸ்டில் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஜூலையில் ஐம்பது லட்சம் வெள்ளி விற்பனை உள்ளவர்கள் வரை இறங்கி வந்தது. அதற்காகவே பலர் சர்வரில் கைவைக்கிறார்கள்.

உங்கள் தாத்தாவின் பழைய அடையாள அட்டை நினைவிருக்கிறதா? 1990இல்தான் 12 இலக்க எண் வந்தது. அதற்கு முன்பு எல்லாருக்கும் பழைய எண். புதிய எண் வந்தபிறகும் பல ஆண்டுகள் அரசாங்கப் பாரங்களில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் பழைய எண்ணோடு வந்து நின்றாலும், அவருடைய சேமநிதிக் கணக்கைத் தேடி எடுக்க முடிந்தது. புதியதைக் கொண்டுவந்தவர்கள் பழையதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் உலகில் இதற்குப் பெயர் பின்னோக்கிய ஒத்திசைவு. இரண்டாவது கட்டம் பாரத்தில் இருக்கும்வரை யாருக்கும் சிக்கல் இல்லை. அதை எடுத்துவிடும் நாளில் பழைய எண்ணோடு வருபவர் வாசலிலேயே நின்றுவிடுவார். 8.4இல் உங்கள் கல்லாக்களுக்கு நேரப்போவது அதுதான்.

கல்லாவில் இருக்கும் புரோகிராம் நேராக டேட்டாபேஸோடு பேசுவதில்லை. நடுவில் டிரைவர் என்ற ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. உங்கள் புரோகிராம் விண்டோஸில் ஓடுவதால் அநேகமாக அது ஓடிபிசி டிரைவராக இருக்கும். கல்லாவில் புரோகிராமைத் திறந்ததும் மைஎஸ்கியூஎல்லில் முதலில் பேசுவது சர்வர்தான். நான் இன்ன பதிப்பு, இன்ன எழுத்துமுறை, பாஸ்வேர்டை இன்ன வழியில் சரிபார்ப்பேன் என்று சொல்லும். அந்த வழி தனக்குத் தெரிந்தால்தான் டிரைவர் பதில் சொல்லும், இல்லையென்றால் இணைப்பை அறுத்துவிடும். 2018 ஏப்ரலில் வந்த 8.0 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வழி மாறிவிட்டது. புதிய வழிக்குப் பெயர் ‘கேச்சிங் ஷா2’. 2015இல் போட்ட டிரைவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்காது. பழைய வழியான ‘நேட்டிவ் பாஸ்வேர்ட்’ 8.0இல் வேண்டுவோருக்குக் கிடைத்தது. 2023 ஜூலையில், இது போகப்போகிறது என்று எச்சரித்தார்கள். 2024 ஏப்ரலில் வந்த 8.4இல் அது இருக்கிறது, ஆனால் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் வந்த 9.0இல் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வழக்கத்தை மாற்றுவார்கள், பிறகு எச்சரிப்பார்கள், பிறகு அணைப்பார்கள், கடைசியில் எடுத்துவிடுவார்கள். மைஎஸ்கியூஎல் இப்படிச் செய்வது முதல்முறை அல்ல. 2004இல் 4.1 பதிப்பு வந்தபோதும் பாஸ்வேர்டு முறை மாறி, பழைய கிளையண்டுகள், அதாவது சர்வரோடு இணையும் புரோகிராம்கள், வாசலில் நின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் இதே கதைதான். 2017இல் ‘ஸ்க்ராம்’ என்ற புதிய முறை வந்தது, 2021இல் 14ஆம் பதிப்பில் அதுவே வழக்கமானது. அங்கே ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. ஏற்கெனவே இருக்கும் பாஸ்வேர்டுகள் பழைய முறையிலேயே தொடரும், எனவே அப்கிரேடு முடிந்த அன்று எல்லாம் ஓடும். மூன்று மாதம் கழித்து யாராவது பாஸ்வேர்டை மாற்றும் நாளில்தான் பழைய கிளையண்ட் நின்றுபோகும். அன்று யாருக்கும் அப்கிரேடு நினைவிருக்காது. ஃபையர்பேர்டு டேட்டாபேஸில் ஓடும் கணக்குப் புரோகிராம்களும் நம் ஊரில் நிறைய. அதில் 2016இல் வந்த 3.0 பதிப்பு, இணைப்பை மறையாக்கம் செய்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தது. 2.5இன் கிளையண்டுக்கு அந்த வித்தை தெரியாது.

இனி உங்கள் கடைக்கு வருவோம். முதல் வேலை, சர்வரோடு பேசுபவர்கள் யார் யார் என்று எண்ணுவது. நான்கு கல்லா என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கோடு நிற்காது என்பது என் அனுபவம். விலைச் சீட்டு அச்சிடும் புரோகிராம் தனியாக இணையும். கணக்குப் பார்ப்பவர் மாதக் கடைசியில் எக்செல்லைத் திறந்து விற்பனையை நேராக இழுத்துக்கொள்வார். உங்கள் அப்பாவின் வீட்டு லேப்டாப்பில் ஒரு ரிப்போர்ட் இருக்கும். ஸ்டாக் எடுக்கும் கைக்கருவி இருக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பேக்கப் எடுக்கும் சின்ன பேட்ச் ஃபைல் ஒன்று நிச்சயம் இருக்கும், அதை எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். பழைய சர்வரில் பொதுப் பதிவேட்டை, அதாவது ஜெனரல் லாகை, ஒரு முழு மாதம் ஓடவிடச் சொல்லுங்கள். யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எந்தப் பெயரில் உள்ளே வந்தார்கள் என்று அதில் பதிவாகும். ஒரு வாரம் போதாது, மாதக் கடைசியில் மட்டும் வருபவர்கள் தப்பிவிடுவார்கள். லாக் ஃபைல் வேகமாகப் பெருகும், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொருவருடைய டிரைவர் பதிப்பையும் எழுதுங்கள். பட்டியலில் மிகப் பழையவர் யாரோ, அவர்தான் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறார். மிகப் புதிய சர்வர் எது என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். மிகப் பழைய கிளையண்ட் எது என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து வரிசை. பொதுவாகப் புதிய கிளையண்ட் பழைய சர்வரோடு பேசும், பழைய கிளையண்ட் புதிய சர்வரோடு பேசுவதற்குத்தான் உத்தரவாதம் குறைவு. அதனால் கல்லாக்களின் டிரைவரை முதலில் மாற்றுங்கள், சர்வரைக் கடைசியில் மாற்றுங்கள். இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள், பெரிய மெஷினைத்தானே முதலில் மாற்ற வேண்டும் என்று. இல்லை. கூட்டம் குறைவாக இருக்கும் கல்லா ஒன்றில் மட்டும் புதிய டிரைவரைப் போட்டு, பழைய 5.6 சர்வரோடு ஒரு வாரம் ஓடவிடுங்கள். தகராறு செய்தால் பழைய டிரைவரைத் திரும்பப் போட ஐந்து நிமிடம் ஆகும். சரியாக ஓடினால் மற்ற மூன்று கல்லாக்கள், பிறகு எக்செல், பிறகு லேப்டாப். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் மாறும்போது, கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெட்டது என்று தெரியும்.

மிகப் புதிய டிரைவரும் கூடாது. இன்றைய டிரைவர்கள் 5.6ஐக் கைவிட்டுவிட்டன. 8.0 வரிசையின் முந்தைய டிரைவர்கள் இரண்டு பக்கத்தோடும் பேசும், அந்த நடுவயதுக்காரர்தான் உங்களுக்கு வேண்டும். இன்னொன்று, உங்கள் புரோகிராம் விபி6 காலத்தது என்றால் அது 32 பிட். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் டிரைவர் 32 பிட்டாகவே இருக்க வேண்டும். விண்டோஸில் ஓடிபிசி அமைப்புப் பெட்டி இரண்டு இருக்கிறது, 32க்கு ஒன்று, 64க்கு ஒன்று. அனுபவமில்லாதவர் 64 பிட் பெட்டியில் டிரைவரைப் போட்டு, சோதித்தேன், இணைகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். புரோகிராமுக்கு அந்த டிரைவர் கண்ணிலேயே படாது. கல்லாவில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் புதிய டிரைவர் உட்காராமலும் போகலாம். அந்த மெஷினை மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். 8.0.28 பதிப்பிலிருந்து டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பாதுகாப்பு முறைகளையும் சர்வர் ஏற்பதில்லை. பழைய டிரைவர்களில் பல அங்கேயும் தடுக்கி விழும்.

கதவைத் திறக்காத பிழை நல்ல பிழை என்பேன். திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்துவிடும், கைபில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமாளிக்கலாம். கதவைத் திறந்து உள்ளே விட்டு, பேச்சை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ளும் பிழைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

தோட்டத்துக் கோயில் ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு நடந்தது. உபயக்காரர் பெயர், நட்சத்திரம், ராசி எல்லாம் தமிழில் பதிந்திருந்தார்கள். அந்த டேட்டாபேஸின் எழுத்துமுறை லாட்டின்1, பழைய மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான முறை அதுதான். புரோகிராம் தமிழை யூடிஎஃப்-8 பைட்டுகளாக எழுதி, இது லாட்டின்1 என்று சர்வரிடம் பொய் சொல்லியிருக்கிறது. படிக்கும்போதும் அதே பொய். இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று சரியாகிப்போனதால் ஆண்டுக்கணக்கில் திரையில் தமிழ் அழகாகத் தெரிந்தது. நான் போட்ட புதிய டிரைவர் உண்மையைச் சொன்னது, எனக்கு யூனிகோடு வேண்டும் என்று. சர்வர் உடனே கடமை தவறாமல் லாட்டின்1இலிருந்து மாற்றிக் கொடுத்தது. திரையில் தமிழுக்குப் பதில், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் ஏ, மறுபடியும் ஆர். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால்தான் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. இந்த ஜோடியைத் திரையில் பார்த்தால் காரணம் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அதுவரைக்கும் ஒன்றும் கெடவில்லை, தரவு பத்திரமாகத்தான் இருந்தது. நான் வருவதற்குள் அலுவலகப் பெண், பாவம், திருவிழா நெருங்குகிறதே என்று நாற்பது பெயர்களைத் திருத்திச் சேமித்துவிட்டார். இப்போது ஒரே பட்டியலில் பழைய முறையில் சில, புதிய முறையில் சில. பழைய ரசீதுப் புத்தகங்களை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க மூன்று வாரம் ஆனது. தன் பெயரில் நடக்க வேண்டிய உபயத்தில் பெயர் விடுபட்டுவிட்டது என்று ஒரு பெரியவர் கண் கலங்கி நின்றதை நான் மறக்கவில்லை. பிழை என்னுடையது. நகலில் சோதிக்காமல் நேரடியாக மாற்றியிருந்தேன்.

உங்கள் வாடிக்கையாளர் பெயர்களோ சரக்குப் பெயர்களோ தமிழில் இருந்தால் இதை முதலில் பாருங்கள். எழுத்து உடைந்து தெரிந்தால் ஒருவரையும் எதையும் சேமிக்கவிடாதீர்கள். சரிசெய்ய வழி உண்டு. டேபிளில் அந்தப் பெயர்கள் இருக்கும் பத்தியை முதலில் வெறும் பைட்டு வகைக்கு மாற்றி, பிறகு அதற்கு யூடிஎஃப்8எம்பி4 என்று பெயர் சூட்ட வேண்டும். நேரடியாக எழுத்துமுறையை மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், உடைந்த எழுத்து நிரந்தரமாகிவிடும். முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளைக் கொண்டு டிஸ்கி முறையில் தட்டச்சு செய்த தரவு என்றால் இந்த வைத்தியம் பலிக்காது. டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி தனியாக வேண்டும். எது எந்த முறையில் இருக்கிறது என்று பத்துப் பெயர்களை எடுத்துப் பார்த்து உறுதிசெய்த பிறகே கைவைக்க வேண்டும்.

சத்தமில்லாத பிழைகள் இன்னும் உண்டு. 5.7 வரைக்கும் தொகுத்துக் கேட்கும் கேள்விக்கு, அதாவது குரூப் பை போட்ட கேள்விக்கு, விடை தானாகவே வரிசைப்படி வந்தது. 8.0இல் அந்த மரியாதையை நிறுத்திவிட்டார்கள். வரிசையை நம்பி நிலுவையைக் கூட்டிக்கொண்டே போகும் ஸ்டாக் ரிப்போர்ட் இருந்தால், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் தப்பான தொகை அச்சாகும். சத்தத்தோடு வரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘குரூப்ஸ்’, ‘ரேங்க்’, ‘சிஸ்டம்’ போன்ற சொற்கள் 8.0இல் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன. ஹார்டுவேர் கடையில் சரக்கு வகைகளுக்கு ‘குரூப்ஸ்’ என்று ஒரு டேபிள் இருப்பது மிகச் சாதாரணம், அதைத் தொடும் கேள்விகள் எல்லாம் விழும். பாஸ்வேர்டு சரிபார்க்க உதவிய ‘பாஸ்வேர்ட்’ ஃபங்ஷனை எடுத்துவிட்டார்கள். காசாளர் உள்நுழைவு அதை நம்பியிருந்தால் நின்றுபோகும். தேதி போடாத இடத்தில் பூச்சியத் தேதி எழுதும் பழக்கத்தையும் 5.7 முதல் சர்வர் வழக்கமாக மறுக்கிறது. இவற்றை டிரைவர் மாற்றத்தால் சரிசெய்ய முடியாது. புரோகிராம் எழுதியவரோ, அதன் மூல நிரலை வைத்திருப்பவரோ வேண்டும். அவர் இல்லையென்றால், 8.4 உங்களுக்கு இப்போது எட்டாது என்பதே நேர்மையான பதில். அந்தப் பணத்தைப் புதிய புரோகிராமில் போடுவதைப் பற்றி அப்பாவோடு பேசுங்கள்.

சோதனைக்கு ஒரு நகல் சர்வர் கட்டாயம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். 5.6இலிருந்து 8.4க்கு ஒரே தாவலில் அதே இடத்தில் ஏற்ற முடியாது. 5.7, 8.0 என்று படிப்படியாக ஏற வேண்டும். உங்கள் அளவுக்கு அதைவிட எளிது, தரவை முழுவதும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, புதிய சர்வரில் ஏற்றுவது. கடையின் தரவை மட்டும் ஏற்றுங்கள். ‘மைஎஸ்கியூஎல்’ என்ற பெயரில் இருக்கும் உள்டேபிள்களை ஏற்றக் கூடாது, பயனர் பெயர்களைப் புதிதாக உருவாக்க வேண்டும். ஏற்றியதும் ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரிகள், ஒவ்வொரு மாதமும் மொத்த விற்பனை எவ்வளவு என்று இரண்டு சர்வரிலும் கேட்டு ஒப்பிடுங்கள். காசு ஒரு சென்கூட மாறக் கூடாது. பிறகு ஒரு கல்லாவை நகலோடு இணைத்து, கடையில் நடப்பதை எல்லாம் செய்து பாருங்கள். பில், பில் ரத்து, சரக்கைத் திரும்பப் பெறுதல், கடன் விற்பனை, விலைச் சீட்டு, இரவுக் கணக்கு மூடுதல், மாத ரிப்போர்ட். வழக்கமாகக் கல்லாவில் உட்காருபவரையே உட்காரவையுங்கள். அவர் விரல் போகும் இடங்களுக்கு டெக்னீஷியனின் விரல் போகாது.

நகல் சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டும் பாருங்கள். கேச்சிங் ஷா2 முறையில், ஒருமுறை சரிபார்த்ததை சர்வர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை எளிதாக உள்ளே விடும். சர்வர் அணைந்தால் அந்த நினைவு போய்விடும். மறையாக்கம் இல்லாத இணைப்பில் வரும் சில கிளையண்டுகள் அந்த முதல் சரிபார்ப்பைச் செய்யத் தெரியாமல் திகைக்கும். நாள்கணக்கில் நன்றாக ஓடி, கரண்ட் போய் வந்த மறுநாள் காலை நின்றால் காரணம் அதுவாக இருக்கும்.

பேக்கப்பை மறக்காதீர்கள். பேக்கப் எடுக்கும் கருவியும் ஒரு கிளையண்ட்தான். 5.6உடன் வந்த டம்ப் கருவி புதிய சர்வரில் ஒழுங்காக வேலை செய்யாது. 8.0இன் கருவியைப் பழைய சர்வரில் ஓடவிட்டால், அங்கே இல்லாத ஒரு புள்ளிவிவர டேபிளைத் தேடி அதுவும் நின்றுவிடும், அந்தத் தேடலை அணைக்க ஒரு சிறு விருப்பம் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் கருவி தன்னைவிடப் புதிய சர்வரைக் கண்டால் முடியாது என்று வெளிப்படையாக மறுத்துவிடும். ராத்திரியில் ஓடும் பேட்ச் ஃபைலோ மறுப்பை யாருக்கும் சொல்லாது, காலையில் பூச்சியம் கேபி ஃபைல் ஒன்று மட்டும் இருக்கும். அப்கிரேடு முடிந்த மறுநாள் பேக்கப் ஃபைலின் அளவைப் பாருங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றியும் பாருங்கள்.

எந்த நாள்? தோட்டங்களில் சம்பளம் 7ஆம் தேதிக்குள் போடுவார்கள், அந்த வாரம் உங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. இபிஎஃப், சொக்சோ கட்ட 15ஆம் தேதி கடைசி. மாதக் கடைசியில் கணக்கு மூட வேண்டும். மிஞ்சுவது மூன்றாவது வாரம். 20ஆம் தேதியை ஒட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை இரவைத் தேர்ந்தெடுங்கள், சனி இரவு வேண்டாம். ஞாயிறு காலை சிக்கல் வந்தால் புரோகிராம்காரர் போனை எடுக்கமாட்டார். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரமும் வேண்டாம். கோயில் அலுவலகங்கள் தங்கள் திருவிழாவை வைத்து நாள் குறிக்க வேண்டும். செங்கில் இருக்கும் சன்னாசிமலைக்கு வெள்ளி ரதம் புறப்படும் மாசி மகத்தை ஒட்டி மலாக்காவில் எந்தக் கோயிலும் இதில் இறங்கக் கூடாது.

மாற்றும் இரவுக்கு முன்பே ஒரு நேரத்தை எழுதி ஒட்டுங்கள்: காலை 11 மணி. அதற்குள் நான்கு கல்லாவும் ஒழுங்காக ஓடவில்லையென்றால் பழைய சர்வருக்குத் திரும்பிவிட வேண்டும். நேரம் போகப்போக புதிய சர்வரில் பில்கள் சேர்ந்துகொண்டே போகும், 8.4 எழுதிய தரவை 5.6 திறக்காது, அந்த பில்களை எல்லாம் கையால்தான் மறுபடி பதிய வேண்டியிருக்கும். 11 மணி வரைக்கும் என்றால் அது ஒரு மணி நேர வேலை.

ஏதோ ஒரு பழைய கருவிக்கு மட்டும் புதிய டிரைவர் கிடைக்கவில்லையென்றால், 8.4இல் நேட்டிவ் பாஸ்வேர்டை இயக்கி, அந்தக் கருவிக்கென்று தனிப் பயனர் பெயர் கொடுக்கலாம். அது தொட வேண்டிய டேபிளுக்கு மட்டும் அனுமதி இருக்கட்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ரூட் பெயரில் இணைத்துவிட்டுப் போகிறவரை அனுமதிக்காதீர்கள். 9 வரிசையில் இந்தச் சலுகை கிடையாது, எனவே கருவியின் பெயரையும் அதை மாற்ற வேண்டிய தேதியையும் சர்வர் பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மாற்ற வந்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லாவில் இருக்கும் டிரைவர் எந்தப் பதிப்பு? அதை 8.4உடன் நீங்கள் இணைத்துப் பார்த்தீர்களா, எங்கே? திரும்பி வர வேண்டுமென்றால் எத்தனை மணி நேரம் ஆகும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவரே செய்யட்டும், நல்ல ஆள். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பழைய சர்வரை விற்றுவிடாதீர்கள். வரிக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பழைய ரிப்போர்ட்டுகள் புதிய சர்வரிலும் ஒழுங்காக வருகின்றனவா என்று இரண்டு மாதக் கணக்கு மூடிய பிறகுதான் உறுதியாகத் தெரியும். நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு, தேதி எழுதி, கல்லாக்காரர் தெரியாமல் இணைக்க முடியாத ஓர் அறையில் வையுங்கள்.